மஞ்சள் சிலிண்டர்

லெர்விக், ஷெட்லாந்து
10 ஜூன் 1997, செவ்வாய்

கிப்பி,

நலமா என்று கேட்க இப்போது நேரமில்லை. இதைப் படித்து முடிக்கும்வரை அந்த மஞ்சள் சிலிண்டரைத் தொடாதே. முடித்த பிறகும் தொடாதே.

காலையிலிருந்து மூன்று தடவை ஃபூலாத் தீவு தபாலாபீசுக்குப் போன் போட்டேன். மூன்று தடவையும் மிமா அக்காதான் எடுத்தார். "இங்கதான் நிக்கிறான், சூப்பு குடிச்சிக்கிட்டு. வரமாட்டேங்கிறான்மா. நான் என்ன, காதைப் பிடிச்சா இழுத்துட்டு வர முடியும்?" என்றார். அப்படியானால் விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னாராம். நீ சிரித்தாயாம். "போன வருஷம் ஹீலியம் வரல, இந்த வருஷம் மீட்டர் கெட்டுப்போச்சா? அடுத்த வருஷம் கடலே வத்திப்போச்சுன்னு சொல்வாளா, கேளுங்க" என்றாயாம். மிமா அக்கா அதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். எனக்கு இது வேண்டியதுதான். ஆனால் இந்தத் தடவை கேள்.

இன்று காலை கடலில் மூழ்கும் ஜெர்மன்காரர் ஒருவர் சுவாச சிலிண்டர் நிரப்ப வந்தார். நூற்றுக்கு ஐம்பது பங்கு ஆக்சிஜன் கேட்டார். கணக்குப் போட்டு நிரப்பினேன். நம் ஆக்சிஜன் மீட்டர் நாற்பத்திரண்டு காட்டியது. குறைகிறதே என்று ஐம்பது வரும்வரை ஆக்சிஜனைக் கூட்டினேன். அவர் தன் பையிலிருந்து சொந்த மீட்டரை எடுத்து வைத்தார். அறுபத்தாறு. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவர் போன பிறகு நம் மீட்டரைச் சுத்தமான ஆக்சிஜனில் பிடித்தேன். நூறு காட்ட வேண்டியது எழுபதில் நின்றுவிட்டது. உள்ளே ஆக்சிஜனை உணரும் செல் கிழடாகிவிட்டது. வெளிக்காற்றில் பிடித்தால் ஒழுங்காக இருபத்தொன்று காட்டுகிறது, அதை நம்பித்தான் தினமும் காலையில் சரி பார்க்கிறேன். ஆக்சிஜன் கூடக் கூடத்தான் பொய் சொல்கிறது. இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். எத்தனை மாதமாகச் சோதிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

உன் மஞ்சள் சிலிண்டரை சனிக்கிழமை இதே மீட்டரில்தான் அளந்தேன். ஐம்பது காட்டியது. அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு முன் உனக்கும் ஆக்சிஜன் கூட்டினேனா? அதுதான் நினைவில்லை. போகாதே என்று நான் கத்திக்கொண்டிருந்தேன், நீ அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தாய். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அன்று ஒன்றுமே எழுதவில்லை. நீயும் அளக்கவில்லை. விதிப்படி நிரப்புகிறவர் ஒரு தடவை, மூழ்குகிறவர் ஒரு தடவை, இரண்டு பேரும் அளந்த பிறகுதான் சிலிண்டரில் ஒட்டும் டேப்பில் கையெழுத்து. அன்றைக்கு என் பக்கத்தில் நிற்கவே பிடிக்காமல், ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு வேனில் ஏறிவிட்டாய்.

முதுகில் மாட்டும் இரட்டை சிலிண்டர் சரியாகத்தான் இருக்கும். அதில் ஹீலியம் கலந்த காற்று, ஆக்சிஜன் பதினெட்டுப் பங்குதான், அந்த அளவுக்கு மீட்டர் பொய் சொல்லாது. ஆறு மீட்டரில் வாயில் வைக்கும் பச்சை சிலிண்டர் சுத்தமான ஆக்சிஜன், அதிலும் தப்பு வர வழியில்லை. மஞ்சள்தான். மேலே வரும் வழியில், இருபத்தொரு மீட்டரில் நீ வாயில் வைப்பது. ஐம்பது என்றால் உடம்பு தாங்கும். அறுபத்தாறு என்றால் அந்த ஆழத்து அழுத்தத்தில் ஆக்சிஜனே விஷம். முன்கூட்டி ஒன்றும் தெரியாது. திடீரென்று வலிப்பு வரும், வாயிலிருந்து குழாய் நழுவும், அடுத்த மூச்சு தண்ணீர்.

ஃபூலாவில் யாரிடமும் மீட்டர் கிடையாது, விசாரித்துவிட்டேன். நானே எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை நீ மூழ்கும்போது ஏதாவது ஆகிவிட்டால், சிகிச்சைக்கு இங்கே அழுத்த அறையை இயக்க என்னை விட்டால் ஆளில்லை. பனிமூட்டத்தில் விமானம் கிளம்பாவிட்டால் நான் அங்கே மாட்டிக்கொள்வேன், அறை இங்கே பூட்டிக் கிடக்கும். அதனால் கடிதம் மட்டும் வருகிறது. நம்பு, கிப்பி. எனக்குக் கை நடுங்குகிறது, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

ஓஸ்லா


ஃபூலா
12 ஜூன், வியாழன்

அக்காவுக்கு,

பைலட் மிமா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் குடித்து முடிக்கும்வரைதான் எனக்கு நேரம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த விமானத்திலேயே இது திரும்பும்.

கை நடுங்கினால் நம்பிவிட வேண்டுமா? போன ஜூலையிலும் உன் கை நடுங்கியது. "கப்பல்ல ஹீலியம் வரலடா, அவங்க ஏத்தவே இல்ல" என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்து நான்தான் உனக்கு ஆறுதல் சொன்னேன். நானும் நம்பினேன், என்னோடு மூழ்க இருந்த ஏர்ட்டியும் நம்பினான். ஹீலியம் கலக்காவிட்டால் அந்த ஆழத்தில் புத்தி மயங்கும், அதனால் நாங்கள் போகமாட்டோம் என்று நீ கணக்குப் போட்டாய். நாங்கள் வெறும் காற்றை நிரப்பிக்கொண்டு அறுபத்திரண்டு மீட்டர் போனோம். நாலு கிளாஸ் உள்ளே போன மாதிரி இருந்தது. அந்த மூழ்கிய கப்பலின் மேல்தளத்தில் ஏர்ட்டி ஒரு மீனிடம் கைகுலுக்கப் பார்த்தான். நான் சிரித்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். நேரம் போனது தெரியவில்லை, காற்று தீர்ந்தது தெரியவில்லை. நின்று நின்று ஏற வேண்டியதை நிற்காமல் ஏறினோம். எனக்குத் தோள்வலியோடு போயிற்று. ஏர்ட்டிக்கு முதுகுத்தண்டில் வாயுக் குமிழி.

ஆறு நாள் அவனை உன் அழுத்த அறைக்குள் வைத்தாய். ஏழாம் நாள் உன் கொட்டகையில் தார்ப்பாயைத் தூக்கினேன். நாலு ஹீலியம் சிலிண்டர், சீல் கூட உடையாமல். "பயந்துபோய்ச் சொல்லிட்டேன்டா" என்றாய். உன் பயத்துக்கு ஏர்ட்டி இரண்டு காலைக் கொடுத்தான்.

நான் ஏன் போகிறேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. போகாதே என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். இப்போது சொல்கிறேன். அன்று எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு கயிறு கட்டியிருந்தோம். மேலே வந்தபோது என் இடுப்பில் அரை முழம்தான் இருந்தது. அவிழ்ந்ததா, அறுந்ததா, அறுத்தேனா? கத்தி என்னிடம்தான் இருந்தது. மிச்சக் கயிறு அந்தக் கப்பலின் கம்பியில் சிக்கிக் கிடக்கும். அதன் நுனியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏர்ட்டியிடம் கேட்டேன், "எனக்கும் ஞாபகமில்லடா" என்கிறான். அவன் நல்லவன், ஞாபகமிருந்தாலும் அதையேதான் சொல்வான். இந்தத் தடவை ஹீலியத்தோடு, தெளிந்த புத்தியோடு இறங்கி அந்த நுனியைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் என்னால் தூங்க முடியவில்லை.

மீட்டர் கதை உண்மையாக இருந்தால் சனிக்கிழமையே தெரிந்திருக்கும். நான் கிளம்பின பிறகு ஒரு ஜெர்மன்காரர் வானத்திலிருந்து குதித்தாராக்கும். புலி வருது, புலி வருது என்று எத்தனை தடவை?

ஏர்ட்டியும் படகில் வருகிறான். கயிற்றையும் கடிகாரத்தையும் பிடிக்க. அவனுடைய மாமன் மகன் படகுதான். உன் கடிதத்தை ஏர்ட்டியிடம் காட்டினேன், சிரிப்பான் என்று. சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

நாளை மதியம் ஒரு மணிக்கு நீரோட்டம் நிற்கும். அப்போது இறங்குவேன். பைலட் தொப்பியை எடுத்துவிட்டார்.

கிப்பி


லெர்விக்
13 ஜூன், வெள்ளி, மதியம் 12.10

கிப்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. மிமா அக்காவுக்குப் போன் போட்டேன். படகு பதினொன்றரைக்கே போய்விட்டதாம். கடலோரக் காவல் ஆட்களைக் கூப்பிட்டேன். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "பதிலே இல்ல மேடம், அந்தப் படகு ரேடியோ துறைமுகத்துக்குள்ளதான் பேசும், வெளியே போனா ஊமை" என்றார்கள். அவர்கள் படகு ஒன்று அந்தப் பக்கம் கிளம்புகிறது. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

இதை உனக்குத் தபாலில் போடுவேனா தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அழுத்த அறையின் கதவு திறந்திருக்கிறது. படுக்கையில் புது விரிப்பு போட்டிருக்கிறேன். போர்வையை மடித்து வைத்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

12.40

ஏன் போகிறாய் என்று நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். கேட்டால் நீ காரணம் சொல்வாய், அது நியாயமாக இருக்கும், அப்புறம் உன்னைத் தடுக்க முடியாது. அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. என் பயம் எல்லாமே இப்படித்தான். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் வாயை மூடும்.

போன வருஷத்தைப் பற்றி ஒன்று சொல்லவில்லை. நீங்கள் காற்றோடு கிளம்புகிறீர்கள் என்று எனக்கு முன்பே தெரியும். சிலிண்டரில் காற்று அடைக்க ஏர்ட்டி கம்ப்ரெசரை ஓட்டுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. கொட்டகைக்கு ஓடிவந்து தார்ப்பாயைத் தூக்கி, இதோ ஹீலியம் இருக்கிறது, நான் பொய் சொன்னேன் என்று சொல்ல ஐந்து நிமிஷம் இருந்தது. அடுக்களையில் கையில் உருளைக்கிழங்கோடு நின்றேன். வெட்கம், கிப்பி. பொய் வெளிப்பட்டுவிடுமே என்ற வெட்கம். ஏர்ட்டியின் கால் போனது பொய்யால் அல்ல, அந்த ஐந்து நிமிஷத்தால். இதை அவனிடமும் சொல்லவில்லை.

1.00

இறங்கிவிட்டாய்.

1.10

கப்பலில் இருப்பாய். ஹீலியத்தோடு தலை தெளிவாக இருக்கும். கயிற்றைத் தேடுகிறாய். அது கிடைக்க வேண்டும், நீ அறுக்கவில்லை என்று தெரிய வேண்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷம் அதெல்லாம் வேண்டாம், மேலே வா என்று வேண்டிக்கொண்டேன்.

1.21

புறப்பட்டிருப்பாய். நிமிஷத்துக்கு ஒன்பது மீட்டர். நடுவில் இரண்டு நிறுத்தம். உன்னோடு நானும் எண்ணிக்கொண்டு வருகிறேன். முப்பத்தாறு. முப்பது. இருபத்தேழு.

1.31

இருபத்தொன்று.

இப்போது இடது பக்கம் கையை விட்டு மஞ்சளின் குழாயை எடுக்கிறாய். டேப்பைப் பார்க்கிறாய். என் எழுத்தில் ஐம்பது, பக்கத்தில் உன் கிறுக்கல். வாயில் வைக்கிறாய்.

உதட்டோரம் துடித்தால் உடனே துப்பிவிடு. சில பேருக்குத் துடிக்கும். பல பேருக்குத் துடிக்காது.

1.36

ஐந்து நிமிஷம். இதுவரை வலிப்பு வராவிட்டால் பிழைத்துக்கொண்டாய்.

1.50

டெலிபோனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அது அடிக்காமல் இருந்தால் நல்லது. நீ தண்ணீரை விட்டு வெளியே வர இரண்டரையாவது ஆகும். படகு கரைக்கு வர மூன்றேகால். அதற்கு முன் அடித்தால் நல்ல சேதி இல்லை.

2.08

அடித்தது.

மிமா அக்கா. "ஓஸ்லா, படகு வந்துட்டுது! இப்பத்தான் துறைக்குள்ள வருது. என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்றார். யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "கண்ணாடி வீட்ல இருக்குடி. இரு, இரு... யாரையோ தூக்கி இறக்குறாங்க. ரெண்டு பேர் சேர்ந்து தூக்குறாங்க. ஐயோ, முகம் தெரியலையே..."

போனைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓடிவிட்டார். இன்னும் வைக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அழுத்த அறையின் கம்ப்ரெசரை ஓடவிட்டேன்


ஃபூலா
14 ஜூன், சனி

அக்கா,

நேற்று போனில் நான் "அக்கா" என்று சொன்னதும் நீ ஓடிப்போய்க் கம்ப்ரெசரை நிறுத்தியது கேட்டது. தூக்கி இறக்கினது ஏர்ட்டியைத்தான். தினமும் அப்படித்தானே இறக்குகிறோம். மிமாவை நான் திட்டிவிட்டேன், அவரும் அழுதுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

படகு இடத்துக்குப் போய் நின்றது. நான் உடை மாட்டி, இரட்டை சிலிண்டரை முதுகில் ஏற்றிவிட்டேன். பச்சையை மாட்டினேன். மஞ்சளுக்குக் கையை நீட்டினால் ஏர்ட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என்னைப் பார்த்துக்கொண்டே வால்வைத் திறந்தான். காது கிழிகிற மாதிரி சீறியது. நான் பாய்ந்தேன். முதுகில் அத்தனை கனத்தோடு பாய்ந்தால் என்ன ஆகும், படகுத் தரையில் ஆமை மாதிரி மல்லாந்துவிட்டேன். அவன் மாமன் மகன் சிரிக்கிறான். நான் படுத்தபடியே கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன், உனக்கு எழுத முடியாது.

"பைத்தியமாடா உனக்கு? அவ சொன்னதை நம்புறியா? உன் காலை எடுத்தவ அவ!"

ஏர்ட்டி வால்வை மூடவில்லை. "போன தடவை பழியைக் கப்பல்காரன் மேல போட்டா. அவங்க ஏத்தலைன்னா. இந்தத் தடவை யார் மேல போட்டிருக்கா, பாத்தியா?" என்றான். சட்டைப்பையைத் தட்டினான். "எல்லாம் தன் மேலயே. மீட்டரை நான் சோதிக்கல, நோட்ல நான் எழுதல, எனக்கு நினைவில்ல. பொய் சொல்றவ எவளாவது இப்படிச் சொல்வாளா? உன்னைத் தடுக்கணும்னா 'அறுபத்தாறுதான்'னு அடிச்சுச் சொல்லியிருப்பா. இவ, 'தெரியல'ன்னு எழுதியிருக்கா."

மஞ்சள் இல்லாவிட்டாலும் போகிறேன், முதுகில் இருக்கிறதை வைத்தே மெதுவாக ஏறுகிறேன் என்றேன். "போ" என்றான். "அந்தக் கயிறைத்தானே பாக்கப் போற? நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போ. நீயே அறுத்திருந்தாலும் நான் இங்கதான்டா உக்காந்திருக்கேன். உன் பக்கத்துல. போன வருஷம் பூரா."

அப்புறம் நீரோட்டம் ஆரம்பித்துவிட்டது. நான் இறங்கவில்லை. உடையை அவிழ்க்கக் கை வரவில்லை, மாமன் மகன்தான் அவிழ்த்துவிட்டான். திரும்பி வரும்போது ஏர்ட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயந்துவிட்டேன், அக்கா. மஞ்சளுக்காக அல்ல. கயிற்றைப் பார்க்காமல் திரும்புகிறோம் என்றதும் மனசு லேசானது. அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஆனால் கோபமும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் காத்திருந்த நாள் அது. வீணாகப் போனதா, உயிர் பிழைத்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஏர்ட்டி மஞ்சளை முழுக்கக் காலி செய்யவில்லை. அளந்து பார்க்க முப்பது பார் அழுத்தத்துக்கு விட்டு வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். செவ்வாய்க்கிழமைத் தபால் படகில் அதை அனுப்புகிறேன். புது செல் வந்திருக்கும், அளந்து பார். என்ன வந்தாலும் எண்ணை எழுது. நீ எழுதும் எண்ணை நம்புவேன். அறுபத்தாறு என்றால் ஊரறிய உன் காலில் விழுகிறேன், இனிமேல் ஹீலியம் பேச்சையே எடுக்கமாட்டேன்.

கிப்பி


லெர்விக்
18 ஜூன், புதன்

கிப்பி,

மஞ்சள் நேற்று மாலை வந்தது. டேப் அப்படியே இருந்தது. ஒரு ராத்திரி கொட்டகையிலேயே நிற்கவிட்டேன். இன்று காலை புது செல்லை மாட்டி வெளிக்காற்றில் பிடித்தேன், இருபத்தொன்று. சுத்த ஆக்சிஜனில் பிடித்தேன், நூறு. பிறகு மஞ்சளில் பிடித்தேன். நம்பாமல் ஜெர்மன்காரர் தங்கியிருக்கும் விடுதிக்குத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய மீட்டரிலும் பிடித்தேன். இரண்டும் ஒரே எண்.

திரும்பி வந்து கொட்டகைப் படியில் உட்கார்ந்தேன். உன் கடிதத்தின் கடைசி வரி மடியில் இருந்தது. நீ எழுதும் எண்ணை நம்புவேன் என்று எழுதியிருக்கிறாய். ஏர்ட்டியும் நம்புவான். அந்த முப்பது பாரைத் திறந்துவிட்டால் போதும், எந்த மீட்டராலும் என்னைக் கேட்க முடியாது. அறுபத்தாறு என்று எழுதினால் நான் உன் உயிரைக் காப்பாற்றியவள். கப்பலின் பக்கம் நீ இனி தலைவைத்துப் படுக்கமாட்டாய். நான் நிம்மதியாகத் தூங்குவேன். வால்வில் கை வைத்துவிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

ஐம்பத்தொன்று.

சனிக்கிழமை நான் சரியாகத்தான் நிரப்பியிருக்கிறேன். அந்த செல் அதற்குப் பிறகுதான் செத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ அதை வாயில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கயிற்றைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக ஏறியிருப்பாய். நீ காத்திருந்த நாள் வீணாகத்தான் போனது, என்னால்தான் போனது. ஏர்ட்டியிடம் இதைக் காட்டு. போன வருஷம் நான் உருளைக்கிழங்கோடு நின்றதைப் பற்றி வெள்ளிக்கிழமை எழுதி, தபாலில் போடாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைக்கிறேன், அதையும் அவனிடம் கொடு. முழுக்கப் படிக்கட்டும்.

அடுத்த தடவை நீரோட்டம் நன்றாக நிற்பது இருபத்தெட்டாம் தேதி. போகாதே என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதவில்லை. நாலு ஹீலியம் சிலிண்டரும் தார்ப்பாய் இல்லாமல் வாசலிலேயே நிற்கிறது. மஞ்சளை மறுபடி நிரப்பி, அளந்து, புது டேப் ஒட்டிவிட்டேன். என் கையெழுத்துப் போட்டாயிற்று. மீட்டரைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வந்து நீயே அளந்து, உன் கையெழுத்தைப் போடு.

ஓஸ்லா